நாயனம் ஏன் தள்ளாடுகிறது? ரெக்கார்ட் பிளேயரின் பிளாட்டரும் மோட்டாரும் செய்யும் வேலை

போன பொங்கலுக்கு மதுரையில் அப்பத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, பழைய துணிமூட்டைக்கு அடியில் இருந்து பதினாலு இசைத்தட்டுகள் கிடைத்தன. எல்லாம் தாத்தா வாங்கியவை. பாதி சினிமாப் பாட்டு, மீதி நாகஸ்வரம். பிளேயர் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

சரி, அப்பத்தாவுக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுப்போம் என்று ஆன்லைன் ஆஃபரில் ஒரு பெட்டி டைப் ரெக்கார்ட் பிளேயர் வாங்கினேன். சூட்கேஸ் மாதிரி மூடி, உள்ளேயே ஸ்பீக்கர், ப்ளூடூத் வேறு. ஒரு நாகஸ்வர எல்.பி.யைப் போட்டு ஊசியை வைத்தேன். அப்பத்தா கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“எல்லாம் சரிடி, நாயனம் ஏன் தள்ளாடுது?”

நாயனத்தில் கமகம் இருக்கும், அசைவு இருக்கும். அதனால் முதலில் நான் நம்பவில்லை. அப்பத்தாதான் சொன்னார்: “நாயனத்தை விடு, ஒத்தைக் கேளு.” பின்னால் ஒரே சுருதியில் நிற்கும் ஒத்து. அதில் கமகம் கிடையாது, நேர்க்கோடு மாதிரி நிற்க வேண்டும். அது மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. வாசித்தவர் மேல் தப்பில்லை. தப்பு மெஷினில்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், ‘தட்டைச் சுற்றுவது’ என்ற சாதாரண வேலைக்குப் பின்னால் எழுபது வருட இன்ஜினீயரிங் சண்டை இருப்பது தெரிந்தது. புதிதாக டர்ன்டேபிள் வாங்கும் ஐடியா இருந்தாலும், வீட்டில் பழைய ரெக்கார்ட் இருந்தாலும், இது உங்களுக்கானது.

ஒரே வேலை, ஆனால் ஈஸி இல்லை

எல்.பி. ரெக்கார்ட் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற வேண்டும். 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யை அறிமுகம் செய்ததிலிருந்து இதுதான் கணக்கு. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. 1949-ல் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த சின்னத் தட்டுக்கு 45.

ஊசி, தட்டின் பள்ளத்தில் ஓடுகிறது. 12 அங்குல எல்.பி.யின் வெளி ஓரத்தில் அந்தப் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. வேகத்தில் ஊசியைக் கடக்கிறது. உள் ஓரத்துக்கு வரும்போது சுமார் 21 செ.மீ.தான். பள்ளத்தின் நெளிவுகள்தான் இசை. நெளிவு வேகமாகக் கடந்தால் சுருதி ஏறும், மெதுவாகக் கடந்தால் இறங்கும்.

எவ்வளவு ஏறும்? நம் ஸ்வரஸ்தானங்களில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் 6 சதவீதம். அப்படியென்றால் தட்டின் வேகம் 1 சதவீதம் மாறினால், ஒரு ஸ்வரஸ்தானத்தில் ஆறில் ஒரு பங்கு சுருதி நகர்ந்துவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தட்டு முழுக்க அரை சதவீதம் வேகமாகவே சுற்றினால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அதே அரை சதவீதம் கூடுவதும் குறைவதுமாக ஆடினால் காது கண்டுபிடித்துவிடும். வேகம் ‘சரியாக’ இருப்பதைவிட ‘சீராக’ இருப்பதுதான் முக்கியம்.

மூன்று வில்லன்கள்

டர்ன்டேபிள் விளம்பரங்களில் வரும் மூன்று வார்த்தைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

*வாவ்:* வேகம் மெதுவாகக் கூடிக் குறைவது. நீளமாக நிற்கும் ஸ்வரம் ஊஞ்சல் மாதிரி ஆடும். அப்பத்தா பிடித்தது இதைத்தான்.

*ஃப்ளட்டர்:* அதே ஆட்டம், ஆனால் வேகமாக. குரல் நடுங்குவது போலவோ கரகரப்பு சேர்ந்தது போலவோ கேட்கும்.

*ரம்பிள்:* இது வேகப் பிரச்சினை இல்லை. மோட்டாரின் அதிர்வும் பேரிங்கின் உரசலும் தட்டு வழியாக ஊசிக்கு ஏறி, அடியில் ‘கும்ம்ம்’ என்ற இரைச்சலாக வருவது. ஊசிக்கு இசை எது, மோட்டார் எது என்று தெரியாது. ஆடுவதையெல்லாம் ஒலியாக்கிவிடும்.

வாவ், ஃப்ளட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே சதவீதமாகப் போடுவார்கள். எண் குறைவாக இருந்தால் நல்லது. நொடிக்கு நாலு தடவை என்ற அளவில் வரும் ஆட்டத்துக்குத்தான் நம் காது ரொம்ப சென்சிட்டிவ். அதனால் அளக்கும்போதும் அந்தப் பகுதிக்குத்தான் அதிக வெயிட்டேஜ்.

மோட்டாரிலிருந்து தட்டுக்குச் சுழற்சி வேண்டும், அதிர்வு வேண்டாம். இதுதான் சிக்கலே. இரண்டும் ஒரே பாதையில்தான் வருகின்றன. இதற்கு மூன்று விதமாக விடை தேடினார்கள்.

விடை 1: சைக்கிள் டைனமோ மாதிரி

பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரில் உரசிச் சுழலும் சின்னச் சக்கரம். அதைத் தலைகீழாக யோசியுங்கள்: மோட்டார் ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுற்றுகிறது, அந்தச் சக்கரம் பிளாட்டரின் உள் விளிம்பில் உரசி அதைச் சுற்றுகிறது. இதுதான் ஐட்லர் டிரைவ். பிளாட்டர் என்பது நாம் இசைத்தட்டை வைக்கும் சுழலும் அடித்தட்டு.

1950களில் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் தயாரான கேரார்ட் 301 இந்த வகையில் நட்சத்திரம். பிபிசி ஸ்டூடியோக்களிலும் ஓடியது. காரணம், உரசல் பிடி பலமானது. ஸ்விட்சைப் போட்டதும் தட்டு சட்டென்று வேகம் பிடிக்கும். நேரலையில் காத்திருக்க முடியாத ரேடியோக்காரர்களுக்கு இது வரம்.

பலவீனமும் அதே பிடிதான். இந்த வகை மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். உதாரணமாக நிமிடத்துக்கு 1,400 சுற்று என்றால், நொடிக்கு 23 அதிர்வுக்கு மேல். மனிதக் காது கேட்கத் தொடங்கும் எல்லை சுமார் 20. அதாவது மோட்டாரின் உதறல் நேராக இசையின் அடிப்பகுதிக்குள் வந்து உட்காருகிறது. ரப்பர் சக்கரம் கொஞ்சம் வடிகட்டும், முழுசாக இல்லை. இன்னொரு தொல்லை: சக்கரத்தை அழுத்திய நிலையிலேயே பல நாள் விட்டுவிட்டால் ரப்பரில் ஒரு தட்டையான இடம் விழும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டொப், டொப்’.

விடை 2: தையல் மெஷின் மாதிரி

காலால் மிதிக்கும் தையல் மெஷினில் கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், நடுவில் ஒரு பட்டை. பெல்ட் டிரைவ் அதேதான். மோட்டாரைப் பிளாட்டரிலிருந்து தள்ளி வைத்து, இரண்டையும் ரப்பர் பெல்ட்டால் இணைப்பது. ரப்பர் இழுபடும் என்பதால் மோட்டாரின் உதறலைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

பெல்ட் ஐடியா முன்பே இருந்தது. அதை எல்லோருக்கும் எட்டும்படி செய்த மெஷின், 1961-ல் அமெரிக்காவின் அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.ஏ. வடிவமைத்தவர் எட்கர் வில்ச்சர். அவர் செய்தது சிம்பிளான இரண்டு விஷயம்.

ஒன்று, மெதுவாகச் சுழலும் மோட்டார். அமெரிக்க மின்சாரத்தில் நிமிடத்துக்கு 300 சுற்று. அதாவது நொடிக்கு 5 அதிர்வு. ஆடினாலும் நம் காதுக்குக் கேட்காத பகுதி. இரண்டு, பிளாட்டரையும் ஊசிக்கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார். மோட்டார் தனியாக மேல் பலகையில். பக்கத்தில் யாராவது தொம் தொம் என்று நடந்தாலும் ஊசி குதிக்காது.

1970களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்திலிருந்து வந்து இன்றும் பேசப்படும் லின் சோண்டெக் எல்.பி.12-ம் இதே வழியில் நடந்ததுதான்.

பலவீனம்? பெல்ட் நுகர்பொருள். காலப்போக்கில் தளரும், இறுகும், வெயிலில் கிடந்தால் தார் மாதிரி இளகி ஒட்டும். வேகம் பிடிக்கச் சில நொடி ஆகும். பெல்ட்டில் ஒரு மடிப்பு விழுந்திருந்தால், அது மோட்டாரின் சின்னச் சக்கரத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் வேகம் ஒரு துளி மாறும். என் பெட்டி பிளேயரைத் திறந்து பார்த்தபோது இருந்தது அதுதான்: பேக்கிங்கில் மடங்கியபடியே வந்த மெல்லிய பெல்ட்.

விடை 3: நடுவில் யாரும் வேண்டாம்

1970-ல் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் டெக்னிக்ஸ் பிராண்டில் எஸ்பி-10 என்ற மெஷினை வெளியிட்டது. இன்ஜினீயர் ஷுயிச்சி ஒபாட்டா தலைமையில் உருவானது. சக்கரமும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மோட்டாரின் அச்சிலேயே பிளாட்டர். மோட்டாரே நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றும். நொடிக்கு அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். கடைகளுக்கு வந்த முதல் டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் இதுதான்.

இப்போது மின்சாரம் மிச்சமாகும் என்று பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குகிறோமே, கிட்டத்தட்ட அதே குடும்பத்து மோட்டார். காந்தத்தைச் சுற்றியுள்ள சுருள்களுக்கு மின்னணுச் சுற்று மாற்றி மாற்றி மின்சாரம் கொடுக்கும். இதைத் தொடர்ந்து 1972-ல் எஸ்எல்-1200 வந்தது. 1979-ல் வந்த அதன் எம்.கே.2 மாடலில் பிளாட்டரின் அடியிலேயே காந்தம் ஒட்டப்பட்டிருக்கும். அதாவது பிளாட்டரே மோட்டாரின் பாதி.

இவ்வளவு மெதுவாகச் சுற்றும் மோட்டாரைச் சீராக ஓட்டுவது எப்படி? எம்.கே.2-வின் பதில், ஒரு குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்தில் இருப்பதே. தட்டின் வேகத்தை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கும். குவார்ட்ஸின் துடிப்போடு ஒப்பிட்டு, குறைந்தால் தள்ளும், கூடினால் இழுத்துப் பிடிக்கும். அந்த மாடலுக்கு நிறுவனம் கொடுத்த வாவ்-ஃப்ளட்டர் கணக்கு 0.025 சதவீதம். முழு வேகம் பிடிக்க 0.7 நொடி.

குறை இல்லாமல் இல்லை. இரும்பு மையம் உள்ள மோட்டாரில் காந்தம் ஒவ்வொரு முனையையும் தாண்டும்போது ஒரு சின்னத் திக்கல் இருக்கும். ‘காகிங்’ என்பார்கள். பெல்ட் இருந்தால் அது வடிகட்டப்படும், டைரக்ட் டிரைவில் நேராகத் தட்டுக்கு வரும். 2010-ல் நிறுத்தப்பட்ட எஸ்எல்-1200 குடும்பம் 2016-ல் திரும்பி வந்தபோது, இரும்பு மையமே இல்லாத மோட்டாரோடு வந்ததற்குக் காரணம் இதுதான்.

பிராங்க்ஸ் பையன்கள் கண்டுபிடித்த வேலை

டைரக்ட் டிரைவ் உருவானது வீட்டிலும் ஸ்டூடியோவிலும் அமைதியாக இசை கேட்பதற்கு. அதைப் பிரபலமாக்கியது வேறு கூட்டம்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பில் ஒரு பார்ட்டி. டி.ஜே. கூல் ஹெர்க் இரண்டு டர்ன்டேபிள்களை வைத்துக்கொண்டு, பாட்டில் தாளம் மட்டும் வரும் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக இந்தத் தேதியைத்தான் கொண்டாடுகிறார்கள். பிறகு கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் போன்றவர்கள் தட்டைக் கையால் பிடித்து, பின்னால் இழுத்து, துல்லியமாக விட்டார்கள்.

பெல்ட் மெஷினில் இதைச் செய்தால் பெல்ட் வழுக்கும், விட்டபிறகு வேகம் பிடிக்க நேரம் ஆகும். டைரக்ட் டிரைவில் கை வைத்தாலும் கீழே பிளாட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் வழுக்கும் ஃபெல்ட் துணி. கையை எடுத்த அடுத்த கணம் பாட்டு சரியான வேகத்தில். எம்.கே.2-வில் வேகத்தை 8 சதவீதம் வரை ஏற்றி இறக்கும் நெம்பும் வந்தது. அதாவது ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் கொஞ்சம் மேலே. இரண்டு பாட்டின் தாளத்தை ஒன்றாக்க அது போதும்.

ஆக, ‘டைரக்ட் டிரைவ்னா டி.ஜே.வுக்கு, பெல்ட்னா இசை ரசிகருக்கு’ என்று கடைகளில் சொல்வது பாதி உண்மைதான். எஸ்பி-10 பிறந்ததே ரசிகருக்கும் ஸ்டூடியோவுக்கும்.

சரி, பிளாட்டர் எதற்கு கனமாக இருக்கிறது?

பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான பம்பரம் சுற்ற ஆரம்பித்தால் லேசில் நிற்காது. பிளாட்டரும் அப்படித்தான். மோட்டாரில் வரும் சின்னத் தடுமாற்றத்தைத் தன் கனத்தால் சமப்படுத்தும். சத்தமான பகுதியில் பள்ளத்தின் நெளிவு அதிகம், ஊசியின் இழுவையும் ஒரு துளி அதிகம். அந்தத் துளிக்கும் அசையாமல் இருக்க வேண்டும்.

எந்தப் பொருளில் செய்தால் எவ்வளவு கனம்? 30 செ.மீ. விட்டம், 2 செ.மீ. தடிமன் உள்ள தட்டு என்று வைத்து ஒரு கணக்குப் போட்டேன்:

• எம்.டி.எஃப். பலகை: சுமார் 1.1 கிலோ
• அக்ரிலிக்: சுமார் 1.7 கிலோ
• கண்ணாடி: சுமார் 3.5 கிலோ
• அலுமினியம்: சுமார் 3.8 கிலோ
• பித்தளை: சுமார் 12 கிலோ

அப்போ பித்தளையே போடலாமே? அங்கேதான் விஷயம். 12 கிலோவும் நடுவில் உள்ள ஒரு பேரிங்கின் தலையில்தான் உட்காரும். பேரிங் சத்தம் போட்டால் அதுவே ரம்பிள். பேரிங்கைத் துல்லியமாகக் கடைந்தால் விலை எகிறும். கனம் என்பது இலவச இணைப்பு இல்லை.

இன்னொரு சூட்சுமம்: எடை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். அதே எடை தட்டு முழுக்கப் பரவியிருப்பதற்குப் பதிலாக விளிம்பில் வளையமாக இருந்தால், சுழற்சியைத் தாங்கும் திறன் இரண்டு மடங்கு. இங்கிலாந்தின் ரீகா நிறுவனம் இந்த வழி. பிளானர் 3-ல் 12 மி.மீ. கண்ணாடித் தட்டு. பிளானர் 8-ல் கண்ணாடிகளை மூன்று அடுக்காகச் சேர்த்து விளிம்பில் கனத்தைக் கூட்டியிருக்கிறார்கள். மெஷினின் உடல் மட்டும் லேசோ லேசு.

அடுத்தது, தட்டு சும்மா இருக்குமா என்ற கேள்வி. அலுமினியத் தட்டை விரலால் சுண்டினால் எவர்சில்வர் தாம்பாளம் மாதிரி ‘டிங்ங்’ என்று ஒலிக்கும். ஊசி பள்ளத்தில் ஓடும்போது இசைத்தட்டும் அதிரும், அந்த அதிர்வு பிளாட்டருக்கு இறங்கும், பிளாட்டர் அதைத் திருப்பி அனுப்பினால் ஊசி இரண்டாவது தடவையும் படிக்கும். அதனால்தான் உலோகத் தட்டின் மேல் தடித்த ரப்பர் மேட், அடியில் ரப்பர் பூச்சு. ப்ரோ-ஜெக்ட் நிறுவனத்தின் டெபு கார்பன் ஈவோ மாடலில் ஸ்டீல் தட்டின் உட்புறத்தில் ரப்பர் போன்ற ஒரு வளையத்தை ஒட்டியிருக்கிறார்கள். 2016-ல் வந்த எஸ்எல்-1200ஜி-யில் மேலே பித்தளை, நடுவில் அலுமினியம், கீழே ரப்பர். மூன்றும் வேறு வேறு விதமாக ஒலிக்கும் பொருள். ஒன்றின் ஒலியை மற்றொன்று அமுக்கும்.

அக்ரிலிக் ஆட்கள் சொல்வது வேறு: இசைத்தட்டும் ஒரு பிளாஸ்டிக், அக்ரிலிக்கும் பிளாஸ்டிக். கனமும் விறைப்பும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் அதிர்வு எதிரொலிக்காமல் தட்டுக்குள் இறங்கிவிடும், மேட்டே வேண்டாம். லாஜிக் சரிதான். ஆனால் தட்டும் ரெக்கார்டும் நன்றாகப் படிந்து உட்கார்ந்தால்தான் அது நடக்கும். வளைந்த பழைய ரெக்கார்டில் நடக்காது.

பொருளைத் தப்பாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை. 1957-ல் சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் வெளியிட்ட டி.டி.124, பெல்ட்டும் ஐட்லரும் சேர்ந்த அருமையான மெஷின். பிளாட்டர் வார்ப்பிரும்பு, நாலரை கிலோ அளவில். கனத்துக்கு ரொம்ப நல்லது. ஆனால் ஊசிக்கு மேலே இருக்கும் கார்ட்ரிட்ஜில் காந்தம் இருக்கிறதே! பலமான காந்தம் கொண்ட கார்ட்ரிட்ஜ்களை இரும்புத் தட்டு கீழே இழுத்தது. ஊசியின் அழுத்தக் கணக்கே தப்பானது. பிறகு காந்தம் ஒட்டாத உலோகத்துக்கு மாறினார்கள்.

வெளிநாட்டு மெஷினா? ஒரு நிமிஷம்

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், மாமா யாராவது பழைய டர்ன்டேபிள் கொண்டுவந்தால் வோல்டேஜை மட்டும் பார்த்தால் போதாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பழைய பெல்ட் மெஷின்கள் பலவற்றில் மோட்டாரின் வேகம் இந்த ஹெர்ட்ஸைப் பின்பற்றும். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்டேஜைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. தட்டு 33⅓-க்குப் பதில் 28-க்கும் குறைவாகச் சுற்றும். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரல் மூன்று கட்டைக்கு இறங்கிவிடும்!

ஜப்பானில் கிழக்குப் பகுதிக்கு 50, மேற்குப் பகுதிக்கு 60 என்று நாட்டுக்குள்ளேயே இரண்டு ஹெர்ட்ஸ். அதனால் எந்த ஊர் மெஷின் என்றாலும் ‘50-க்கான புல்லி இருக்கிறதா?’ என்று கேட்டுவிடுங்கள். குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவுக்கும் டி.சி. மோட்டார் மெஷினுக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. வோல்டேஜ் மட்டும் பார்த்தால் போதும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று டெஸ்ட்

*1. நூறு சுற்று டெஸ்ட்:* 33⅓ என்பது வசதியான எண். மூணு நிமிஷத்துக்குச் சரியாக 100 சுற்று. போனால் பரவாயில்லை என்ற ஒரு ரெக்கார்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, ஊசியை வைத்து, மொபைலில் வீடியோ எடுத்து எண்ணுங்கள். என் பெட்டி பிளேயரில் 100 சுற்று 2 நிமிடம் 54 நொடியில் முடிந்துவிட்டது. மூன்று சதவீதத்துக்கு மேல் வேகம். ஒரு ஸ்வரஸ்தானத்தில் பாதிக்கும் மேலே!

*2. புள்ளி டெஸ்ட்:* ஸ்ட்ரோப் தட்டு என்று ஒன்று உண்டு. 50 ஹெர்ட்ஸ் நாட்டில் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும் என்பதால், 33⅓-க்கு வட்டத்தைச் சுற்றி 180 கோடுகள் இருக்கும். வேகம் சரியென்றால் கோடுகள் நின்றது போலத் தெரியும். பழைய சோக் வைத்த டியூப்லைட்டில் அருமையாக வேலை செய்யும். மினுக்காத எல்.ஈ.டி. பல்பில் வேலை செய்யாது.

*3. ஒத்து டெஸ்ட்:* இதுதான் பெஸ்ட். தம்புரா, ஒத்து, வீணையில் நீளமாக நிற்கும் மீட்டு, எதுவானாலும் ஒரே ஸ்வரம் அசையாமல் நிற்கும் இடத்தைத் தேர்ந்து கண்ணை மூடிக் கேளுங்கள். டிரம்ஸ் அடிக்கும் பாட்டில் ஒளிந்துகொள்ளும் ஆட்டம் இங்கே ஒளிய முடியாது.

எதைப் பார்த்து வாங்குவது?

டிரைவ் எது என்ற சண்டையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். நன்றாகச் செய்த பெல்ட் மெஷின், மோசமாகச் செய்த டைரக்ட் டிரைவை ஜெயிக்கும். உல்டாவும் உண்மை. நான் கற்றுக்கொண்ட வரிசை இதுதான்:

• பிளாட்டர் முழு அளவா? சின்னப் பெட்டி பிளேயர்களில் தட்டு ரெக்கார்டைவிடச் சிறியது, லேசான பிளாஸ்டிக். எல்.பி. வெளியே தொங்கும். அங்கே எந்த டிரைவ் இருந்தாலும் பயனில்லை.
• பேரிங் சுத்தமா? பெல்ட் மெஷினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு தட்டைக் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல், தள்ளாடாமல், நீண்ட நேரம் சுற்ற வேண்டும்.
• செகண்ட் ஹேண்ட் பெல்ட் மெஷின் என்றால், புது பெல்ட்டின் விலையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்த மாடலுக்குரிய சரியான அளவு கிடைக்குமா என்றும் பாருங்கள்.
• செகண்ட் ஹேண்ட் டைரக்ட் டிரைவ் என்றால், வேகம் நிலைத்து நிற்கிறதா என்று கால்மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மின்னணுச் சுற்று பழுதானால் எல்லா ஊரிலும் ஆள் கிடைக்காது.
• ஊசியின் அழுத்தம் எவ்வளவு? நல்ல மெஷின்கள் 2 கிராம் அளவில் நிற்கும். பல பெட்டி பிளேயர்களில் 5 கிராம், சில சமயம் அதற்கும் மேல். பள்ளம் தேயும்.

கடைசிப் பாயின்ட்தான் என்னைப் பயமுறுத்தியது. பெல்ட்டை மாற்றலாம், மோட்டாரை மாற்றலாம். தாத்தாவின் ரெக்கார்டில் தேய்ந்துபோன பள்ளத்தை யாரும் திருப்பித் தர முடியாது. அன்றைக்கே பெட்டி பிளேயரை மூடிவிட்டேன்.

கடைசியில் என்ன ஆச்சு?

ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் பழைய ஜப்பான் டைரக்ட் டிரைவ் மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. கார்ட்ரிட்ஜுக்குப் புது ஊசி மாட்டி மதுரைக்குக் கொண்டுபோனேன். நூறு சுற்று, சரியாக மூணு நிமிஷம். அதே நாகஸ்வர எல்.பி. ஒத்து, கோடு போட்ட மாதிரி நின்றது. அப்பத்தா எதுவும் சொல்லவில்லை. பக்கம் முடிந்ததும், “திருப்பிப் போடு” என்றார்.

இரண்டாவது பக்கத்தில் மறுபடியும் ஆட்டம்! இந்த முறை மெதுவாக, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. மெஷினைச் சந்தேகப்பட்டேன். குனிந்து பார்த்தால், ஊசிக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் பள்ளத்தின் மையமும் நடு ஓட்டையின் மையமும் ஒன்றாக இல்லை. தயாரிக்கும்போதே நேர்ந்த தவறு. மையம் அரை மி.மீ. விலகினாலே, தட்டின் நடுப்பகுதியில் அரை சதவீதம் கூடிக் குறையும். 0.025 சதவீத மோட்டார் இருந்து என்ன பயன்? 1980களில் ஜப்பானின் நாகமிச்சி நிறுவனம், இந்த மையத்தைத் தானே அளந்து ரெக்கார்டை நகர்த்தி வைக்கும் டி.எக்ஸ்-1000 என்ற மெஷினையே செய்திருக்கிறது. அந்த அளவுக்கு இது நிஜமான பிரச்சினை.

நல்லவேளை, இந்த ரெக்கார்டின் ஓட்டை கொஞ்சம் தேய்ந்து பெரிதாகியிருந்தது. கம்பியில் மாட்டி, விரலால் ஒரு பக்கமாக மெல்லத் தள்ளி வைத்து, ஊசிக்கை அசையாத இடம் வரும்வரை மூன்று தடவை முயற்சி செய்தேன். நாலாவது தடவை ஒத்து நின்றது.

அப்பத்தா கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: “உங்க தாத்தாவும் இப்படித்தான் தள்ளித் தள்ளி வைப்பாரு. எதுக்குன்னு இப்பத்தான் புரியுது.”